அந்தக் காய்ச்சல்தான் காரணமா, டாக்டர்?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், மருத்துவமனை விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. போன ஆடி மாதம் ஐந்து நாள் காய்ச்சலும் சளியும் இருந்தன. முதல் மூன்று நாள் வீட்டில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் டாக்டரிடம் போனார்கள். காய்ச்சல் விட்டது. ஆறு வாரம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழந்தையின் இடது கை விரல்கள் துடித்தன. விளையாடுகிறாள் என்று நினைத்தார் அம்மா. ஒரு வாரத்தில் வாய் இடப்பக்கம் கோணியது. இரண்டு மாதத்துக்குள் அந்தத் துடிப்பு நாள் முழுக்க, தூக்கத்திலும் நிற்காமல் வந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வைரல் என்கெபாலிடிஸ்?’ என்று எழுதியிருந்தார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றில் எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மூளையின் வலது பாதி மட்டும் சுருங்கிக்கொண்டு வருகிறது, இது ராஸ்முஸன் என்கெபாலிடிஸ் என்றார்கள். நான்கு வகை வலிப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி. என்ற விலை உயர்ந்த எதிர்ப்புப் புரத ஊசி எல்லாம் ஆயிற்று. கொஞ்சம் குறைந்தது போலிருந்து மறுபடி பழையபடி ஆனது. இப்போது குழந்தையால் இடது கையால் பட்டன் போட முடியவில்லை, இடது காலைத் தேய்த்து நடக்கிறாள். பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் தெரிந்த வாய்ப்பாடு மறந்துபோகிறது. ஆபரேஷன் செய்து வலது பாதி மூளையைத் துண்டிக்க வேண்டும் என்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அது அம்மை, மருந்து கொடுத்து அமுக்கியதால் தலைக்கு ஏறிவிட்டது என்கிறார் மாமியார். தடுப்பூசியால் வந்தது என்கிறார் ஒரு சொந்தக்காரர். வைரஸ் என்றால் வைரஸைக் கொல்லும் மருந்தை ஏற்றினால் போதுமே, எதற்கு ஆபரேஷன், பன்னிரண்டு வயது வரையாவது பொறுப்போம் என்கிறார் கணவர். அதற்குச் சான்றாக அவரிடம் ஒரு கைப்பேசி வீடியோவும் இருக்கிறது. மூன்று வயது மகனுக்குத் தொற்றிவிடக்கூடாது என்று அவனைப் பாட்டி வீட்டில் விட்டு ஐந்து மாதமாகிறது. “நான் அந்த மூன்று நாள் தாமதிக்காமல் இருந்திருந்தால் என் பிள்ளை நன்றாக இருந்திருப்பாளா?” என்று முடித்திருக்கிறார்.

இனி அவருக்கு என் பதில்.

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை. நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிற ஆறு வயதுக் குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று நாள் பாராசிட்டமால் கொடுத்துக் கவனியுங்கள் என்றுதான் நானே சொல்லியிருப்பேன். முதல் நாளே மருத்துவமனைக்கு ஓடியிருந்தாலும் இந்த நோயைத் தடுக்கும் மருந்து எவரிடமும் இருந்திருக்காது. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு வருடத்தில் ஆறு ஏழு தடவை காய்ச்சல் வருவது சாதாரணம். எந்த மாதத்தில் எந்த நோய் தொடங்கினாலும் அதற்கு முன் ஒரு காய்ச்சல் இருந்தே தீரும். காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும் ஒரே நேரம் என்பதால் காக்கையைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அந்தக் கேள்விக்குறி

முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததைக் கேள்விக்குறியோடு அப்படியே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் அந்தக் குறியை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்திருக்கிறீர்கள். மருத்துவர்கள் குறிப்பில் கேள்விக்குறி போட்டால், ‘இப்படி இருக்கலாமோ என்று பார்க்கிறோம்’ என்று அர்த்தம், முடிவு அல்ல.

‘என்கெபாலிடிஸ்’ என்ற சொல்லும் ஆளைக் குழப்பும். நம் பக்கத்தில் அதை மூளைக்காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் என்றதும் கிருமி என்று மனம் போய்விடுகிறது. சரியாகச் சொன்னால் அது மூளை அழற்சி. மூளைத் திசு வீங்கி, அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிவிட்டன என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. கூட்டத்தைக் கூட்டியது யார் என்பதைச் சொல்வதில்லை. கிருமியாக இருக்கலாம், உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே வழிதவறிப் போனதாகவும் இருக்கலாம்.

கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல் போன்றவை நேரடியாகக் கிருமி தாக்குபவை. அவை மணிக்கணக்கிலும் நாள் கணக்கிலும் முற்றும். கடும் காய்ச்சல், குழப்பம், நினைவிழப்பு என்று குழந்தை படுத்துவிடும். முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரில் வைரஸின் தடயமோ, அதற்கெதிராக உடல் செய்யும் ஆன்டிபாடி என்ற புரதமோ பெரும்பாலும் சிக்கிவிடும். ஹெர்பிஸ் என்றால் அசைக்ளோவிர் ஊசி உயிரைக் காப்பாற்றும், ஒரு நாள் தாமதம்கூட அங்கே கணக்கில் வரும். அதனால்தான் முதல் மருத்துவமனையில் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள். அது சரியான வேலை. முடிவில் எதுவும் இல்லை என்றதும் நிறுத்தியதும் சரிதான். உங்கள் கணவர் கேட்கும் ‘வைரஸைக் கொல்லும் மருந்து’ உங்கள் மகளுக்கு ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரே பக்கம், மெதுவாக, மாதக் கணக்கில். கூடவே நிற்காத துடிப்பு. ராஸ்முஸன் நோயின் நடை இதுதான். மிக அரிதான நோய். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் எடுத்த கணக்குப்படி, ஒரு கோடிக் குழந்தைகளில் ஆண்டுக்கு இரண்டு பேருக்குப் புதிதாக வருகிறது. சராசரியாக ஆறு வயதில் தொடங்குகிறது. 2005ல் ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த விதிகளின்படி, நோயின் போக்கு, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒரே பக்கத்தைக் காட்டினால் மூளையிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதி செய்யலாம். ‘சதை எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள்’ என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் இது.

வைரஸ் மேல் சந்தேகம் வந்த கதை

உங்கள் கணவரின் சந்தேகத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். இந்த நோயைக் கண்டுபிடித்தவர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் தியோடர் ராஸ்முஸன் என்ற அறுவை மருத்துவர் 1958ல் தன் சகாக்களோடு மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். மூவருக்கும் ஒரு பக்க வலிப்பு, மூவரின் மூளைத் திசுவிலும் அழற்சி. நுண்ணோக்கியில் பார்த்தால் இரத்தக் குழாய்களைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள், ஆங்காங்கே சின்னச் சின்ன முடிச்சுகள். வைரஸ் தாக்கிய மூளை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இன்னொரு காரணமும் இருந்தது. உங்கள் மகளுக்கு இருப்பது போன்ற நிற்காத துடிப்பை 1890களிலேயே மாஸ்கோவில் கோஜெவ்னிகோவ் என்ற மருத்துவர் விவரித்திருந்தார். ரஷ்யாவில் அந்தத் துடிப்பு வந்த பலருக்கு, உண்ணி கடித்துப் பரவும் ஒரு வைரஸ்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே துடிப்பு, அதே அழற்சி. அப்படியானால் இங்கேயும் ஏதோ வைரஸ் இருக்க வேண்டும் என்று நினைத்தது நியாயம்தானே?

அதன்பின் பல பத்தாண்டுகள் தேடினார்கள். ஆபரேஷனில் எடுத்த மூளைத் திசுக்களில் சைட்டோமெகலோ வைரஸ், எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஹெர்பிஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு ஆய்வுக்கூடம் ‘கிடைத்துவிட்டது’ என்றது, அடுத்தது ‘எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்றது. சில இடங்களில் வேறு காரணத்தால் வலிப்பு வந்தவர்களின் மூளையிலும் அதே வைரஸின் தடயம் இருந்தது. இதில் வியப்பில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகத்தில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் குடியிருக்கிறது. என் உடம்பிலும் இருக்கும், உங்கள் உடம்பிலும் இருக்கும். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் கதையாக, அழற்சி வந்த இடத்தில் நின்றதாலேயே அந்த வைரஸ்கள் மேல் பழி விழுந்தது. எல்லா நோயாளிகளிடமும், எல்லா ஆய்வுக்கூடங்களிலும் திரும்பத் திரும்பக் கிடைத்த ஒரு வைரஸ் இன்றுவரை இல்லை.

மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990களில் கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். சிலருக்கு வலிப்பு குறைந்ததாக எழுதினார்கள். கணவர் காட்டும் வீடியோவின் மூலம் இந்தக் கதையாக இருக்கலாம். அது அதற்குமேல் போகவில்லை. இந்த நோய்க்கான வழக்கமான சிகிச்சையில் வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கு இன்று இடமில்லை. அந்த மருந்து தண்ணீரும் அல்ல. இரத்த அணுக்களைக் குறைக்கும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

இடையில் 1994ல் கவனம் வேறு பக்கம் திரும்பியது. மூளைச் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தை முயல்களுக்கு ஊசியாகப் போட்டபோது அவற்றுக்கு வலிப்பு வந்தது. உடல் தன் சொந்த மூளைக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கிறதோ என்று பரபரப்பு எழுந்தது. அந்த ஆன்டிபாடி பெரும்பாலான ராஸ்முஸன் நோயாளிகளிடம் இல்லை, மற்ற வலிப்பு நோயாளிகள் சிலரிடம் இருக்கிறது என்று பின்னால் தெரிந்து அதுவும் அடங்கியது. 2002 வாக்கில் தெளிவானது இன்னொன்று: டி செல்கள் எனப்படும் நம்முடைய சொந்தக் காவல் செல்கள் மூளைச் செல்களை ஒட்டிநின்று, அவற்றுக்குள் நச்சுப் புரதத்தைச் செலுத்திக் கொல்கின்றன. இது இன்றுவரை நிற்கிற சாட்சி.

அந்தக் காவலர்களை யார் உசுப்பிவிட்டார்கள் என்ற கேள்வி மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. எப்போதோ வந்துபோன வைரஸ் ஒரு பொறியாக இருந்திருக்கலாம் என்பதை விஞ்ஞானிகள் முழுசாகக் கைவிடவில்லை. வேறொரு நோயில் அப்படி நடப்பது நிரூபணமாகியிருக்கிறது. ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்து குணமானவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, வைரஸ் அடங்கிய சில வாரங்களில் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கத் தொடங்குகிறது. அங்கேயும் அந்த இரண்டாவது தாக்குதலுக்கு வைரஸ் மருந்து உதவுவதில்லை, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துதான் கொடுக்கிறோம். உங்கள் மகளுக்கும் ஒரு பொறி இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கூரை எரிகிறபோது தீக்குச்சியைத் தேடி ஊதி அணைத்து என்ன பயன்?

அம்மையும் தடுப்பூசியும்

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறொரு நோயைப் பற்றியது. தட்டம்மை, நம் ஊர்களில் மணல்வாரி என்பார்களே, அது குணமாகிப் பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. எஸ்.எஸ்.பி.ஈ. என்று சுருக்கமாகச் சொல்வோம். பெரும்பாலும் இரண்டு வயதுக்கு முன் தட்டம்மை வந்த குழந்தைகளுக்கு, ஆறு முதல் பத்து வருடம் கழித்து வரும். முதலில் படிப்பில் பின்தங்குவார்கள், பிறகு உடம்பு முழுவதும் சீரான இடைவெளியில் தூக்கிப்போடும். இங்கே குற்றவாளி ஐயத்துக்கிடமில்லாமல் தட்டம்மை வைரஸ்தான். முதுகுத் தண்டு நீரில் அதற்கான ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். உங்கள் மகளின் அறிக்கையில் அது இல்லை என்று வந்திருக்கிறது. அவளுடைய இ.இ.ஜி.யும் அந்த மாதிரி இல்லை. அவளுக்கு அம்மையே போட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தடுப்பூசிக்கு இதில் பழி இல்லை. எஸ்.எஸ்.பி.ஈ.யில் மூளையில் கிடைப்பது ஊரில் திரியும் தட்டம்மை வைரஸ், தடுப்பூசியில் இருப்பது அல்ல. தடுப்பூசி பரவலான நாடுகளில் அந்த நோய் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்திகள் இன்னும் ஊரில் உலவுகின்றன. உங்கள் சொந்தக்காரர் அனுப்பியதும் அந்த வகைதான்.

மாமியாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யட்டும். மாத்திரை வேளை தவறக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத பெருவலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று: வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். உடம்பு முழுவதும் வெட்டும் வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் டாக்டர் கொடுத்திருக்கும் மிடசோலம் ஸ்பிரேயை மூக்கில் அடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கை மட்டும் துடிக்கும் வழக்கமான துடிப்புக்கு அதை அடிக்க வேண்டியதில்லை.

தம்பியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்

இது தொற்றுநோய் அல்ல. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தம்பிக்கு ஒட்டாது. பெற்றோரிடமிருந்து இறங்கும் பரம்பரை நோயும் அல்ல. ஐந்து மாதம் அவனைப் பிரித்து வைத்தது பயத்தினால் என்று புரிகிறது. ஆனால் தன்னைத் தொட்டால் தம்பிக்கு நோய் வரும் என்று அந்தப் பெண் குழந்தையும் நம்பிக்கொண்டிருப்பாள், யோசித்துப் பாருங்கள்.

வைரஸைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும் என்றால் திசையை மாற்றுங்கள். போன வருடக் காய்ச்சலை விடுங்கள், இனி வரப்போவதைப் பாருங்கள். ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையோ சாப்பிடும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அக்கம்பக்கத்திலோ வகுப்பிலோ யாருக்காவது சின்னம்மை என்று தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை இந்த மருந்துகள் எடுக்கும் காலத்தில் அவளுக்குப் போடக்கூடாது. தம்பிக்கோ, விட்டுப்போன ஊசிகள் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். அவன் அவளுக்கு ஒரு வேலி. போலியோ சொட்டு மருந்து முகாம் வரும்போது மட்டும், ‘வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை இருக்கிறாள்’ என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சொட்டுக்குப் பதில் ஊசி போடச் சொல்வார்.

ஆபரேஷன் என்ற கேள்வி

உங்கள் மகளின் படங்களை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் செய்யுங்கள், செய்யாதீர்கள் என்று ஒற்றை வார்த்தையில் சொல்வது முறையல்ல. எப்படி எடைபோட வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், பாதி மூளையை வெட்டி எடுத்து வீசுவதாகக் குடும்பமே நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். காலியான இடத்தில் இரத்தம் கசிந்து வருடங்கள் கழித்துத் தொல்லை வந்தது. எடுப்பதைக் குறைத்து, இணைப்பைத் துண்டித்துவிடும் முறையை 1970களில் வகுத்தவரும் இதே ராஸ்முஸன்தான். இன்று செய்யும் ஹெமிஸ்பெரோட்டமியில் நோயுள்ள பாதியின் பெரும்பகுதி இரத்த ஓட்டத்தோடு அங்கேயே இருக்கும். மற்ற பாதியோடும் உடம்போடும் அதற்கிருக்கும் தொடர்பை மட்டும் அறுப்பார்கள். வீட்டில் ஒரு பக்க வயரிங் ஷார்ட் ஆகி எந்நேரமும் பொறி பறந்தால் மெயின் போர்டில் அந்த லைனைக் கழற்றி விடுவோமே, அதுபோல.

கைக்கும் காலுக்கும் என்ன ஆகும்? இதை மறைத்துப் பேச விரும்பவில்லை. இடது கை விரல்களின் நுட்பமான அசைவு போய்விடும், திரும்பாது. காகிதத்தை அழுத்திப் பிடிக்க, பையைக் கையில் மாட்டிக்கொள்ள அந்தக் கை உதவும். பட்டன் போட உதவாது. நடக்கும் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோரும் மறுபடி நடக்கிறார்கள். முதல் சில வாரம் பலவீனம் கூடியது போலிருக்கும், பிசியோதெரபியில் தேறும், ஒரு பக்கச் சாய்வு தங்கும். இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வைப் பாதி மறையும். இதைத்தான் பல குடும்பங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சாலையில் இடப்பக்கம் வரும் வண்டி தெரியாது, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்க வேண்டும். வகுப்பில் அவளை இடது ஓரத்தில் உட்காரவைத்தால் கரும்பலகை முழுசாகக் கண்ணில் படும். படிக்கும்போது அடுத்த வரி தொடங்கும் இடம் தப்பும், இடது ஓரத்தில் ஒரு சிவப்பு அட்டையை வைத்தால் கண் அங்கே வந்து நிற்கும்.

இவ்வளவு இழப்பா என்று பதறுவீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆபரேஷன் எடுக்கப்போவதை நோய் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பட்டன் போடும் விரல் போய்விட்டது, கால் தேய்கிறது. விட்டுவைத்தால் மிச்சமும் போகும், வலிப்பும் இருக்கும். அந்த ஓயாத வலிப்பு நல்ல பாதியையும் தொந்தரவு செய்கிறது. வாய்ப்பாடு மறப்பது அதனால்தான் இருக்க வேண்டும்; மாத்திரைகளின் மந்தமும் சேர்ந்திருக்கலாம். ஆபரேஷனுக்குப் பின் பத்தில் ஆறு முதல் எட்டுக் குழந்தைகளுக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. மற்றவர்களில் பலருக்குக் குறைகிறது. மருந்தால் இந்த நிலையில் இதற்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

டாக்ரோலிமஸை இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று கணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. ஜெர்மனியில் டாக்ரோலிமஸையும் ஐ.வி.ஐ.ஜி.யையும் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுமே கைகால் பலவீனம் கூடுவதைத் தாமதப்படுத்தின. ஆனால் மருந்துக்கு அடங்காத வலிப்பை அடக்கவில்லை. கை இன்னும் நன்றாக வேலை செய்கிற குழந்தைக்கு அந்த மருந்து கால அவகாசம் வாங்கித் தரும், அங்கே நானே பொறுங்கள் என்பேன். கை ஏற்கெனவே தளர்ந்து, வலிப்பும் அடங்காத குழந்தைக்கு அந்த அவகாசத்தால் ஆதாயம் குறைவு. ‘பன்னிரண்டு வயது வரை’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சின்ன வயதில் மூளையின் ஒரு பக்கம் மற்றதன் வேலையை ஏற்கும் திறமை அதிகம், வயது ஏற ஏற அது குறையும். உங்கள் மகளுக்கு நோய் வலது பக்கம். பேச்சு பெரும்பாலோருக்கு இடது பக்கத்தில் இருக்கும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அதிர்ஷ்டம். நோய் இடது பக்கமாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இன்னும் நிறையத் தயங்கியிருப்பேன்.

ஆபத்துகளும் உண்டு. இரத்த இழப்பு, தொற்று, சிலருக்கு மூளையில் நீர் தேங்கி ஷன்ட் என்ற குழாய் வைக்க வேண்டி வருவது. உயிருக்கு ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்ஜியம் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் சில நாள் காய்ச்சல் அடிப்பது அடிக்கடி நடக்கும், உள்ளே கசிந்த இரத்தம் உறுத்துவதாலும் அது வரும். மறுபடியும் வைரஸ் என்று வீடு கலங்க வேண்டாம், தொற்று இல்லையா என்று டாக்டர்கள் சோதித்துக்கொள்வார்கள். வீடு வந்தபின் மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும், தொடர்ந்த தலைவலி, வாந்தி, அசதி வந்தால் நீர்த் தேக்கமா என்று உடனே பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

– இந்த ஆபரேஷனைக் குழந்தைகளுக்கு இங்கே வழக்கமாகச் செய்கிறீர்களா? எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு வலிப்பு நின்றது?

– இடது பாதி மூளை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று இ.இ.ஜி.யிலும் படத்திலும் உறுதியாகத் தெரிகிறதா? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. விடையைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

– ஆபரேஷனுக்கு முன் மனவளர்ச்சி, படிப்பு, பார்வைச் சோதனைகள் செய்வீர்களா? பின்னால் பிசியோதெரபி எங்கே, எவ்வளவு காலம்?

– வலிப்பு மாத்திரைகளை எப்போது குறைக்கத் தொடங்குவீர்கள்?

இரண்டாவது கருத்து கேட்க நினைத்தால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உங்களுக்குப் பக்கம். 1995 முதல் அங்கே வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸும் உண்டு. எந்த மருத்துவரும் இதனால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் இரண்டாவது கருத்து இன்னும் அவசியம். தமிழ்நாட்டுக்குள் செய்வதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி பற்றி முதல் நாளே கேளுங்கள். பணத்தைப் புரட்டிவிட்டு அப்புறம் கேட்பது வீண்.

பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் மறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வகுப்பில் வலிப்பு வந்தால் ஆசிரியைக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றிதழ் கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவளுடைய உரிமை. பள்ளி அதை மறுக்க முடியாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ‘நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்’ என்று பாட்டி அழுகிறாராமே. ஏழு வயதுக் குழந்தையின் காதில் விழும்படி அந்தப் பேச்சு வேண்டாம். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் குறிப்பிட்டிருந்த வார்த்தையை 1999லேயே நீக்கிவிட்டார்கள்.

அடுத்த முறை ஆலோசனைக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய வீடியோவையும் டாக்டரிடம் காட்டட்டும், பன்னிரண்டு வயதுக் கணக்கையும் அவரே கேட்கட்டும். நீங்கள் கேட்டுவந்து சொல்வதைவிட அவர் காதால் கேட்பது வேறு. இரண்டு எம்.ஆர்.ஐ. சி.டி.க்களையும் கொண்டுபோய், எட்டு மாத இடைவெளியில் வலது பக்கம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டானா என்பதையும்.